ஏணியை இழுத்தவள்

எங்கள் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் பெல்காசெம், அடுத்தவர் நூரி, கடைசியில் என் புருஷன் லஸ்ஸாத். மூன்று பேருக்கும் வேலை ஒரே இடத்தில், ஹாஜி ஹமாதியின் ஜைத்தூன், அதாவது ஆலிவ், எண்ணெய் ஆலையில். ஸ்ஃபாக்ஸ் பட்டணத்திலிருந்து ஜெபினியானாவுக்குப் போகும் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆலை. பெல்காசெமின் மனைவி மன்னூபியா அக்காவும் நானும் சீசன் தொடங்கினால் அங்கேதான் இருப்போம். லாரியில் வந்து குவியும் காயிலிருந்து இலை, குச்சி, கல் பொறுக்குவது எங்கள் வேலை.

அந்த வருஷம் நவம்பர் முதல் வாரத்திலேயே ஆலையில் ஒரு நாற்றம் ஆரம்பித்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். காயை ஆட்டி எண்ணெய் பிரிந்த பிறகு மிஞ்சுகிற கறுப்புத் தண்ணீர், ஆலைக்குப் பின்னால் தரைக்கடியில் கட்டிய சிமெண்டுத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். முந்தின சீசன் முடிந்ததும் ஹாஜி லாரியைக் கூப்பிடவே இல்லை. அடியில் தேங்கியது கோடை முழுவதும் இரும்பு மூடிக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தது. அதன்மேல் புதுத் தண்ணீர் விழவும் நாற்றம் கிளம்பிவிட்டது.

எங்களுக்குக் கண் எரிந்தது. சாயங்காலம் ஆனால் தலைக்குள் ஆணி அடித்தமாதிரி வலி. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தாள். மத்தியானம் தின்ற மத்தி மீன்தான் காரணம் என்று மேஸ்திரி சொன்னான். மன்னூபியா அக்கா விடவில்லை. ஹாஜி காரை விட்டு இறங்கும்போதே போய் நின்றாள்.

"ஹாஜியார், பின்னால தொட்டி நாறுது. பொம்பளைங்க நிக்க முடியல."

"எண்ணெய் ஆலைன்னா நாறத்தான் செய்யும். அத்தர் வாசனை வேணும்னா நீ கடைவீதியில போய் உட்காரு" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து காயைப் பொறுக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் என்னிடம், "அவன் வீட்டு அடுப்படியில அந்தத் தொட்டிய வெட்டணும்டி" என்றாள்.

தம்பிக்குக் கல்யாணமான பிறகும் தட்டிக்கழித்து வந்த நூரிக்கு அப்போதுதான் பெண் பார்த்திருந்தோம். மறுவாரம் நிச்சயம் பண்ணுவதாக இருந்தது. அது நடந்த அன்று காலை ஒன்பது மணி ரொட்டி நேரத்தில் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து ரொட்டியை எண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அக்கா அவரைச் சீண்டினாள்.

"நூரி, இந்த நாத்தத்தோட நீ போய் நின்னா பொண்ணு வீட்டுல என்ன சொல்வாங்க?"

"மாப்பிள்ளைக்கு முட்டை வியாபாரமான்னு கேப்பாங்க மதினி."

"மூக்கடைச்ச குடும்பமாப் பாத்துப் பொண்ணு எடுத்திருக்கலாம்."

பெல்காசெம் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பத்து மணி இருக்கும். ஆலைத் தண்ணீரைத் தொட்டிக்குள் இழுக்கும், அடியில் கிடந்த பம்பு அடைத்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் எதிர்த்து வந்து ஆலைக்குள்ளேயே பரவத் தொடங்கியது. மேஸ்திரி கத்தினான். பெல்காசெம்தான் எந்திரங்களுக்குப் பொறுப்பு. அவரும் நூரியும் பின்னால் போய் இரும்பு மூடியை நெம்பி நகர்த்தினார்கள். பம்பின் குழாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெல்காசெம் அக்காவைக் கூப்பிட்டார். தண்ணீரை அள்ளி ஊற்ற ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

தொட்டி இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மேல் வாய் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சதுரம். பெல்காசெம் அலுமினிய ஏணியை உள்ளே விட்டு, காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார். அடியில் முழங்கால் அளவு சேறு. அவர் குனிந்து பம்பின் வாயில் கையை விட்டுக் கிளறினார். சேறு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

"மன்னூபியா, குழாயக் கொஞ்சம் இழு" என்றார். அக்கா இழுத்தாள். "இன்னும் கொஞ்..." என்றார். அவ்வளவுதான். கால் ஓய்ந்தவர் உட்காருவதுபோலச் சேற்றில் உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

"அண்ணே! வழுக்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே நூரி ஏணியில் கால் வைத்தார். கடகடவென்று இறங்கினார். அடியிலிருந்து மூன்றாவது படி வந்ததும் அவர் இரண்டு கையும் ஏணியை விட்டுவிட்டன. யாரும் தள்ளவில்லை, வழுக்கவும் இல்லை. முதுகுப்பக்கமாக அண்ணன்மேல் விழுந்தார். ஒரு சத்தம் இல்லை.

அக்கா தொட்டி வாயில் மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டி, "பெல்காசெம்!" என்று கூப்பிட்டாள். உடனே பின்னால் சாய்ந்தாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அவள் கண் செருகிப் போய் மறுபடி திறந்தது. அப்போது அவள் சொன்ன வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நாத்தம் இல்லடி வசீலா. உள்ளே நாத்தமே இல்ல."

ஒரு வாரமாக ஊரையே நாறடித்தது, தொட்டி வாயில் மட்டும் மணக்கவில்லை. அது ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஆண்பிள்ளைகள் மூச்சு விடும் நேரத்துக்குள் விழுந்ததை எங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். காற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று அக்காவுக்குப் பட்டுவிட்டது.

நான் அலறினேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லஸ்ஸாத், மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வருவது தெரிந்தது. "அண்ணே! நூரி!" என்று கத்திக்கொண்டே வந்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிட்டது, இவர் நிற்கமாட்டார் என்று.

அக்கா ஏணியைப் பிடித்து மேலே இழுத்தாள். அவள் கையில் வலு இல்லை. ஏணி பாதி வந்து நின்றது. "பிடிடீ!" என்றாள். நான் மேல்முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தோம். நான் அதை இழுத்துக்கொண்டு போய்ப் புண்ணாக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். திரும்பி வரும்போது லஸ்ஸாத் தொட்டி வாய்க்கு வந்துவிட்டிருந்தார். அக்கா அவர் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"ஏணி எங்க? மதினி, ஏணி எங்க?"

"இறங்காத! உள்ளே சாவு இருக்கு. தீயணைப்பு வண்டியக் கூப்பிடு!"

"விடுங்க! அண்ணன் உசுரோட இருக்காரு! பாருங்க, கை அசையுது!"

அவர் குதிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. அவர் அவளை உதைத்தார். குனிந்து முஷ்டியால் அடித்தார். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை. அதற்குள் மற்ற ஆட்கள் ஓடிவந்து அவரைப் பிடித்துத் தூர இழுத்தார்கள். நான் அவர் இடுப்பைப் பிடித்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. பிடித்தவர்கள் ஆறேழு பேர்.

தீயணைப்புக்காரர்கள் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி மூடி. ஒருவர் கையில் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கியதுமே அது வீறிட்டுக் கத்தத் தொடங்கியது. எல்லோரையும் சாலை வரைக்கும் விரட்டினார்கள். பத்தே நிமிஷத்தில் இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்து சாக்குமேல் கிடத்தினார்கள். இரண்டு பேர் முகமும் சேறு. எது யார் என்று தெரியவில்லை. அவர்களைப் பெற்ற மாமி தாவூஸ் வந்து, தன் முந்தானையால் துடைத்துத்தான் பிள்ளைகளை அடையாளம் கண்டாள்.

*

ஜனாஸா அடக்கத்துக்கு முந்தைய நாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அழ வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அக்கா காதில் விழும்படியே பேசினார்கள்.

"புருஷன் உள்ளே கிடக்கான், இவ ஏணிய உருவிட்டாளாம்."

"எந்தப் பொம்பளைக்கு இப்படி மனசு வரும்?"

"கை அசைஞ்சுதாமே. லஸ்ஸாதே சொன்னான்."

அக்கா கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அவள் மடியில் முகத்தை வைத்திருந்தார்கள். நான் காபி ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏணியின் மேல்முனை என் கையில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போது லஸ்ஸாத் வாசலில் வந்து நின்றார். அவர் கண் சிவந்து, பார்வை நிலைகொள்ளாமல் இருந்தது. நான் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தில் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, நானும் அழுதேன். ஆனால் என் உள்ளே ஒரு மூலையில் ஒரு சந்தோஷம் இருந்தது. என் புருஷன் வாசலில் நடந்துகொண்டிருக்கிறார் என்ற சந்தோஷம். அதை யாரிடம் சொல்ல?

நாற்பதாம் நாள் முடிந்ததும் மாமி அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"உன்னப் பாத்தா எனக்கு அந்த ஏணிதான் தெரியுது. என் கண்ணுல படாத இடத்துக்குப் போயிரு."

சாலையோரத்தில் அக்காவின் அண்ணன் கடை வைத்து மூடிப்போட்ட ஒற்றை அறை இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். நான் பாய்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

"அக்கா, நான் சொல்லிடறேன். நானும்தான் இழுத்தேன்னு சொல்லிடறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாயத் திறந்தே, கொன்னுடுவேன். ஒரு வீட்டுல ஒருத்தியாவது புருஷனோட இருக்கட்டும்" என்றாள்.

அவளுக்கு மூக்கு போய்விட்டிருந்தது. எந்த வாசனையும் தெரியவில்லை. அடுப்பில் ரொட்டி கருகிப் புகை கிளம்பினால்தான் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்று மறந்துவிடுவாள். வாரம் நாலு நாள் தலைவலி. நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அழுகல்ல இருந்து வர்ற வாயு அது. கொஞ்சமா இருந்தாத்தான் முட்டை நாத்தம் அடிக்கும். நிறைய இருந்தா முதல்ல மூக்கைத்தான் கொல்லும். நாத்தம் போயிடுச்சேன்னு மனுசன் நினைப்பான். அப்புறம் ரெண்டு மூச்சு, மூணு மூச்சு, அவ்வளவுதான். நீங்க தலைய நீட்டினீங்களே, இன்னும் ஒரு நொடி இருந்திருந்தா நீங்களும் உள்ளதான்."

அக்கா கேட்டாள். "டாக்டரம்மா, கை அசைஞ்சுது. அப்ப அவருக்கு உசுரு இருந்துதா?"

"நினைவு இருந்திருக்காது" என்றார் டாக்டர்.

"உசுரு?"

"அத என்னால சொல்ல முடியாதும்மா."

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள், "அந்தம்மா பொய் சொல்லல. அதுவரைக்கும் நல்லது" என்றாள்.

*

வழக்கு வந்தது. ஹாஜி ஹமாதி கெட்டிக்காரர். மையத்தை அடக்கம் செய்ய எடுத்த அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று கண்ணீர் விட்டவர், இரண்டே வாரத்தில் ஒரு வக்கீலோடு வந்தார். லஸ்ஸாதைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுப் பேசினார்.

"உன் அண்ணன்மார் ரெண்டு பேரும் என் பிள்ளைங்க மாதிரி. தொட்டிக்கு ஏணி வச்சிருந்தேனா இல்லியா? இறங்கினவன் ஏறி வர ஏணி இருந்துது. அத எடுத்தது யாரு? நீ கண்ணால பாத்தத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

வக்கீல் எழுதி நீட்டிய வாக்குமூலக் காகிதத்தில் லஸ்ஸாத் கையெழுத்துப் போட்டார். ஹாஜியின் பெயரோடு மன்னூபியா அக்காவின் பெயரும் குற்றப்பத்திரிகையில் ஏறியது. செய்தியைக் கேட்டதும் நான் லஸ்ஸாதிடம் போனேன்.

"தொட்டியில கோடை முழுக்க அழுக விட்டது அவரு. ஒரு முகமூடி வாங்கி வச்சாரா? ஒரு நாளாவது எச்சரிச்சாரா? அவரு பேச்ச நம்பி..."

"நான் ஹாஜிக்காகப் போடல." என்றார் அவர். "எனக்கு அவங்க கைய மறக்க முடியல வசீலா. என் காலப் பிடிச்சிட்டுத் தொங்கின அந்தக் கைய. அது இல்லன்னா நான் ரெண்டு பேரையும் தூக்கியிருப்பேன்."

"தூக்கியிருக்க மாட்டீங்க. மூணாவதாக் கிடந்திருப்பீங்க."

"கிடந்திருப்பேன்!" என்று கத்தினார். "அதுக்கு என்ன?"

அதற்கு என்ன என்று அவர் கேட்டது என்னிடம்.

மே மாதத்தில் ஸ்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் விசாரணை. மாமி வந்திருந்தாள். முதலில் லஸ்ஸாதைக் கேட்டார்கள். அவர் கண்டதைச் சொன்னார். பிறகு தீயணைப்புப் படைத் தலைவர் அனீஸ் என்பவர் வந்தார். மெலிந்த மனிதர், அவசரமில்லாத குரல்.

"அந்தத் தொட்டியில எங்க கருவி காட்டின அளவுக்கு யாரும் பிழைக்க முடியாது. இந்தமாதிரி இடத்துல நாங்க வெளிய எடுக்கிற பிணத்துல பாதி, காப்பாத்த இறங்கினவங்கதான். முதல் ஆளு வேலைக்காக இறங்குவான், ரெண்டாவது ஆளு பாசத்துக்காக இறங்குவான். அந்த ஏணி அங்கேயே இருந்திருந்தா நான் ரெண்டு பேர எடுத்திருக்க மாட்டேன். நாலோ அஞ்சோ எடுத்திருப்பேன்."

ஹாஜியின் வக்கீல் எழுந்து அக்காவிடம் வந்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. ஏணிய இழுக்கும்போது உங்க கணவருக்கு உயிர் இருந்துதா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. தெரியாது என்று சொன்னாலும் போதும். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். என்ன கேட்டார் என்று மறந்துவிட்டாளோ என்று நான் பயந்தேன்.

"கை அசைஞ்சுது" என்றாள். "அத நானும் பாத்தேன். ஏணி பாதி மேல வந்தப்ப வலது கை அசைஞ்சுது. அப்புறமும் இழுத்தேன்."

மண்டபத்தில் யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். மாமி முகத்தை மூடிக்கொண்டாள். வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துவிட்டு, வேறு கேள்வியே இல்லை என்பதுபோல உட்கார்ந்தார்.

நான் எழுந்து நின்றதை நானே அறியவில்லை. காவலர் உட்காரச் சொன்னார். என் பெயர் சாட்சிப் பட்டியலில் இல்லை. என் கால் மடங்கவில்லை.

"அவங்க மட்டும் இழுக்கல!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவங்க கையில வலு இல்ல, பாதியில நின்னுடுச்சு. மீதிய நான் இழுத்தேன். மேல்முனை என் கையில இருந்துது. புண்ணாக்கு மேட்டுக்குப் பின்னால போட்டது நான்தான். தண்டனை குடுக்கிறதா இருந்தா எனக்கும் குடுங்க."

நீதிபதி என்னை முன்னால் வரச் சொன்னார். "ஏன் இழுத்தீங்க?" என்று கேட்டார்.

"என் புருஷன் ஓடி வந்துட்டிருந்தாரு" என்றேன். வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் லஸ்ஸாத் பக்கம் திரும்பவில்லை. அக்காவை மட்டும் பார்த்தேன். அவள் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள், பேச்சைக் கேட்காத பிள்ளையை முறைப்பதுபோல.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அக்காமேல் குற்றம் இல்லை. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஹாஜிக்குச் சிறைத்தண்டனை எழுதினார்கள், ஆனால் உள்ளே போக வேண்டியதில்லாத வகை. ஆலையை மூடி முத்திரை வைத்தார்கள். அடுத்த நவம்பரில், மருமகன் பெயரில், தொட்டிக்கு ஒரு காற்றுக் குழாயும் எச்சரிக்கைப் பலகையும் வைத்து அது திறந்துகொண்டது. இலை பொறுக்க எங்களையும் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். நாங்கள் போகவில்லை. மரத்தில் காய் பறிக்கப் போனோம்.

*

விசாரணை முடிந்து அன்று வாடகை வேனில் ஊர் திரும்பும்போது லஸ்ஸாத் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவையும் பின்னால் திரும்பவில்லை. வீட்டு வாசலில் என்னையும் மாமியையும் இறக்கிவிட்டு, அவர் அதே வேனில் ஸ்ஃபாக்ஸுக்கே போய்விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகப் பிறகு ஆள் சொல்லி அனுப்பினார்.

மாமி அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"அவன் இறங்கியிருப்பானா?"

"இறங்கியிருப்பாரு மாமி."

"மூணு பேரும் போயிருப்பாங்களா?"

"ஆமா."

அவள் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் புத்தியில தெரியுது. வயித்துக்குத் தெரியமாட்டேங்குது" என்றாள். அன்றிலிருந்து பேத்திகளுக்கு என்று தினமும் ஒரு ரொட்டி அதிகமாகச் சுட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஆனால் சாலையோர அறைக்கு அவள் ஒரு நாளும் போகவில்லை. பிறகும் போகவில்லை. மறுவருஷம் கபர்ஸ்தானில் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இடம் அமைந்தது.

செப்டம்பர் கடைசியில் லஸ்ஸாத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். இருமல் இருந்தது. அவருக்கும் அன்று தொட்டி வாயில் அந்த வாயு கொஞ்சம் ஏறியிருக்கலாம், மூட்டைத் தூசியாகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும். நான் தட்டில் கூஸ்கூஸ் வைத்தேன். சாப்பிடவில்லை.

"எந்த முனை உன் கையில இருந்துது?" என்று கேட்டார்.

"மேல்முனை. கோர்ட்டுல சொன்னேனே."

"நான் வர்றதப் பாத்தியா?"

"பாத்தேன். அதனாலதான் இழுத்தேன்."

"நூரி... நூரி ஏதாவது சொன்னானா?"

"வழுக்கிடுச்சான்னு அண்ணனக் கேட்டாரு. அவ்வளவுதான்."

அவர் அழத் தொடங்கினார். ஜனாஸா அன்றும் அழாதவர். நான் பக்கத்தில் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு உன்மேல கோவம் இருந்துது. இப்ப இல்ல. மதினிமேலயும் இல்ல. எப்பவோ போயிடுச்சு."

"அப்ப ஏன் அவங்களப் போய்ப் பாக்கல?"

தன் வலது கையை விரித்துக் காட்டினார். "எலும்பு ஒடைஞ்சுது வசீலா. இந்தக் கைக்கு அது தெரிஞ்சுது. தெரிஞ்சும் மறுபடி அடிச்சேன். அப்புறம் அவங்க பேர எழுதின காகிதத்துல கையெழுத்தும் போட்டேன். எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிட்டுத்தான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் என்னோடு நடந்து வந்தார். அறைக்கு எதிரே சாலையின் மறுபக்கம் வந்ததும் நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். புதினாவை மோந்து பார்த்துவிட்டு, பழக்கதோஷம், அப்படியே தண்ணீரில் போட்டாள்.

"யாரோ கூட வந்தாப்ல இருந்துது?"

"அவரு. ரோட்டுல நிக்கிறாரு."

அவள் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். ஈரமான நாட்களில் அவளுடைய முறிந்த தோள் சரியாகத் தூக்க வராது. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிகள் நடுவில் போய்வந்துகொண்டிருந்தன.

"உள்ளே வரச் சொல்லவா அக்கா?"

"வேணாம்." திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அவன் மன்னிச்சிட்டான்னா அது அவன் பாடு. எனக்கு இன்னும் வலிக்குது. நிக்கட்டும்."

நான் டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நிக்கட்டும்னு சொன்னாங்க என்றேன். தலையை ஆட்டினார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் முகம் சுருங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். நான் உள்ளே போய் வரும்வரை அதே இடத்தில் நின்றார். ரோட்டில் போகிறவர்கள் சலாம் சொல்லிவிட்டு, என்ன இங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு என்று பதில் சொன்னார். பஸ் வந்து நின்று போனது. அக்கா ஜன்னலுக்குப் போகாமலேயே, "வந்திருக்கானா?" என்று மட்டும் கேட்பாள்.

ஐந்தாவது வாரம் தூறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது அக்காவின் சின்ன மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினாள். இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைத் தாண்டி, அதைச் சித்தப்பா பக்கத்தில் போட்டுவிட்டு, நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். யார் சொல்லி அனுப்பியது என்று நான் கேட்கவில்லை.